சாயங்காலம் அறுந்துபோகும் இணைப்பு

கோத்தோ தீவு
2005, ஜூன் 6

இகுயோ அக்கா,

மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. ஃபுகுவோகாவிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

புத்தாண்டுக்கு வந்த நீங்கள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கப்பலேறிய பிறகு நான் உங்களுக்கு எழுதவே இல்லை. எழுதினால் மாமா என்ன நினைப்பாரோ என்று பயம். நீங்கள் போன் செய்தாலும் உங்கள் குரல் கேட்டதும் அவர் வைத்துவிடுகிறார். போன் கூடத்தில், அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தக் குடாவில் கைபேசிக்கு சிக்னல் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். அதனால்தான் கடிதம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் விஷயமாக ஓர் உதவி வேண்டும். பிப்ரவரி மாதத்திலிருந்து ஒசாக்காவில் உள்ள ஒரு நிறுவனத்துக்காகத் தட்டச்சு வேலை செய்கிறேன். யார் யாரோ பேசிய சொற்பொழிவுகள் ஒலிக்கோப்பாக வரும். கேட்டு எழுதி அன்றே திருப்பி அனுப்ப வேண்டும். காலையில் மீனவர் சங்கத்தில் மீன் தரம் பிரிக்கிறேன். ஆனால் தெத்ஸுயா கடலோடு போனதிலிருந்து அங்கே எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில்தான் பேசுகிறார்கள். இந்தத் தட்டச்சு வேலையில் யாருக்கும் என்னைத் தெரியாது. அது எனக்கு வேண்டியிருக்கிறது.

டெலிபோன் கம்பியிலேயே வருகிற இணைப்பு இது. பகலெல்லாம் நன்றாக இருக்கும். கோப்பை அனுப்பும் நேரத்தில் அறுந்துபோகும். மேற்பார்வை பார்க்கும் அம்மா இரண்டு தடவை எச்சரித்துவிட்டார். நீங்கள் டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் இத்தனை வருஷமாக இருக்கிறீர்கள். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

மாமா நலம். நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சயோகோ


ஃபுகுவோகா
ஜூன் 11

சயோகோ,

நான் கேட்கவில்லைதான். ஆனாலும் எழுதியதற்கு நன்றி.

உன் பிரச்சினை. முதலில் மோடத்தின் முகப்பில் வரிசையாக எரியும் விளக்குகளைப் பார். இணைப்பு அறும்போது இரண்டாவது விளக்கு மட்டும் சிமிட்டுகிறதா, எல்லாமே அணைகிறதா? எல்லாம் அணைந்தால் மின்சாரக் கோளாறு. ஒன்று மட்டும் சிமிட்டினால் டெலிபோன் கம்பியில் கோளாறு. பிறகு, மோடத்தை டிவி, குழல்விளக்கு, குளிர்பெட்டி எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வை. சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் கம்பி நீளமாகச் சுருண்டு கிடந்தால் குட்டையான ஒன்றை வாங்கி மாற்று. மழை பெய்யும்போது மட்டும் அறுகிறதா என்று கவனி. அப்படியானால் வெளியே கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது. எந்த நேரத்தில் அறுகிறது என்பதையும் பார்த்து எழுது. நேரம் தெரிந்தால் பாதி நோய் தெரிந்த மாதிரி. நாள் முழுக்க முகம் தெரியாதவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. ஆகஸ்டில் ஓபோன் வருகிறது, இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போகும் நாட்கள். தெத்ஸுயா போன பிறகு வரும் முதல் ஓபோன். ஊரில் அந்த வருஷம் யாரைப் பறிகொடுத்தார்களோ அந்த வீட்டார் எல்லோரும் அவர்களை வழியனுப்ப விளக்கேற்றிய சின்னப் படகைக் கடலில் விடுவார்கள். நம் வீடு மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரப்போகிறதா? நான் ஜனவரியில் சொன்னதும் இதைத்தான். தம்பியின் உடல் கிடைக்கவில்லை என்பதற்காக ஈமச்சடங்கே செய்யாமல் இருந்தால் அவன் எங்கே போவான்? "அவன் செத்துட்டான் அப்பா, உங்களைத் தவிர ஊருக்கே தெரியும்" என்றேன். வெளியே போ என்றார். போய்விட்டேன். சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

விளக்கைப் பார்த்து எழுது.

இகுயோ


கோத்தோ
ஜூன் 20

இகுயோ அக்கா,

நீங்கள் சொன்னதை எல்லாம் செய்தேன். மோடத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் அங்கும் இங்கும் நடப்பதைப் பார்த்து மாமா, "அந்தப் பெட்டிக்கு உட்கார இடம் கிடைக்கலையா" என்றார். கடந்த சில மாதங்களில் அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு இதுதான். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

குட்டைக் கம்பி மாற்றியாகிவிட்டது. சமையலறைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவத்தியில் கூடச் சமைத்துப் பார்த்தேன். பயனில்லை. சங்க அலுவலகத்திலிருந்து உதவி மையத்துக்குப் போன் செய்தேன். பேசிய பையன் மிகவும் மரியாதையாகப் பேசினான். வீட்டில் வேறு போன் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, கூடத்தில் ஒன்றுதான் என்றேன்.

மழைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வெயிலடித்த நாளிலும் அறுந்தது. இரண்டாவது விளக்குதான் சிமிட்டுகிறது. நேரம் மட்டும் மாறுவதே இல்லை. சாயங்காலம் ஊர் ஒலிபெருக்கியில் பிள்ளைகளை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பாட்டு போடுவார்களே, அது முடிந்து சற்று நேரத்தில் அறுகிறது. கொஞ்ச நேரம் போனதும் தானாகவே வந்துவிடுகிறது. ஒலிபெருக்கியால் இருக்குமோ என்று யோசித்தேன். மாமா அப்போதுதான் மாடி ஜன்னல் பலகைகளைச் சாத்தப் போவார். அவரிடம் கேட்டால், ஒலிபெருக்கி தான் சின்னப் பையனாக இருந்தபோதிருந்தே கத்துகிறது என்கிறார். இப்போது எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. விளக்கு சிமிட்டல் நின்று நிலையாக எரிந்ததும் மிஸோ சூப்பை அடுப்பில் வைக்கிறேன். அது சூடாவதற்கும் மாமா கீழே இறங்கி வருவதற்கும் சரியாக இருக்கிறது.

இன்னொரு சின்ன விஷயம், சிரிக்காதீர்கள். அறுவதற்கு முன்னால் கூடத்துப் போன் மெல்ல, மணி அடிக்கப் பார்த்து அடிக்காமல் விட்டது போல, டிங் டிங் என்று சிணுங்குகிறது. எடுப்பதற்குள் நின்றுவிடுகிறது.

படகைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அக்கா. அதற்குப் பதில் சொல்கிற இடத்தில் நான் இல்லை.

சயோகோ


ஃபுகுவோகா
ஜூன் 26

சயோகோ,

சிரிக்கவில்லை. அந்த டிங் டிங்கைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மாடியில் ஒரு போன் இருக்கிறது. தெத்ஸுயாவின் அறையில், மேஜைக்குப் பின்னால், சுவரோரமாக. விரல் விட்டுச் சுழற்றுகிற கறுப்புப் போன். அம்மா நோயில் விழுந்து அந்த அறையில் படுத்திருந்த காலத்தில், கூடத்துக் கம்பியிலிருந்தே ஒரு கிளை பிரித்து அப்பா மேலே இழுக்கச் செய்தார். அம்மா போன பிறகு அது தெத்ஸுயாவின் அறை ஆனது. நீ கல்யாணமாகி வந்தபோது அவன் கீழே வந்துவிட்டான். அறையைப் பூட்டி வைத்தார்கள். உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. நானே மறந்திருந்தேன்.

மேலே யாராவது எண்ணைச் சுழற்றினால் கீழே மணி சிணுங்கும். பேச்சும் இன்டர்நெட்டும் ஒரே கம்பியில்தான் வருகின்றன. இரண்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி உன் மோடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். மாடிப் போன் அதற்கு முன்னாலேயே பிரிந்து போகிறது. அதை எடுத்த நொடியே உன் இணைப்பு செத்துவிடும். வைத்ததும் உயிர் வரும்.

ஆக, தினமும் சாயங்காலம் அப்பா அங்கே போய் யாருக்கோ போன் செய்கிறார். யாருக்கு என்று போய்ப் பார். பார்த்துவிட்டுக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கு. உன் கோளாறு அதோடு தீர்ந்தது.

இகுயோ


கோத்தோ
ஜூலை 2

இகுயோ அக்கா,

போய்ப் பார்த்தேன். ஒலிபெருக்கிப் பாட்டு முடிந்து மாமா ஏறியதும், கொஞ்சம் பொறுத்து நானும் படியேறினேன். கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

மாமா தெத்ஸுயாவின் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில், கால்களை மடித்து, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. அறை அத்தனை அமைதியாக இருந்ததால் போனிலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. பதிவு செய்த ஒரு பெண் குரல். கடலோரக் காவல் படை கொடுக்கும் கடல் வானிலை. ஒவ்வொரு கலங்கரை விளக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. நம் முனை வந்ததும், "காற்று வடகிழக்கு, ஒன்பது மீட்டர். அலை இரண்டு மீட்டர்" என்றது. மாமா அதைத் திரும்ப மெதுவாகச் சொன்னார். "வடகிழக்கு ஒன்பது. அலை ரெண்டு."

வைத்துவிட்டு மறுபடியும் சுழற்றினார். மறுபடியும் அதே குரல். அதே முனை வரும்வரை காத்திருந்தார். அவ்வளவுதான். வேறு யாரிடமும் பேசவில்லை.

தெத்ஸுயா கணவாய் பிடிக்கப் புறப்படும் நேரம் அது. மாமா முழங்கால் வலியால் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு, அவர் காற்றைக் கேட்டுச் சொல்வார். தெத்ஸுயா லாந்தர்களைச் சரி பார்த்துக்கொண்டே தலையாட்டுவார். அப்போது மாமா கூடத்துப் போனிலிருந்து கேட்பார். இப்போது எனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று மேலே போகிறார்.

நான் சத்தமில்லாமல் இறங்கி வந்துவிட்டேன். கம்பியைப் பிடுங்கவில்லை. அன்றைக்கு அனுப்ப வேண்டிய கோப்பும் போகவில்லை.

சயோகோ


ஃபுகுவோகா
ஜூலை 6

சயோகோ,

நான் பயந்தது இதைத்தான். தெத்ஸுயாவின் படகு கவிழ்ந்து கிடந்ததை அப்பாவே போய்ப் பார்த்தார். போன அக்டோபரிலிருந்து இன்றுவரை அவன் கரையேறுவான் என்று காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இதைப் பாசம் என்று நீ நினைக்கிறாய். இல்லை. இது நோய். நீ அதற்கு சூப் சூடு பண்ணிக் கொடுக்கிறாய்.

நீ சின்னப் பெண். இன்னும் எவ்வளவோ இருக்கிறது உனக்கு. அந்த வீட்டில் நீ மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. சடங்கு நடக்காதவரைக்கும் உனக்குப் பெயரே கிடையாது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனை அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறீர்கள்.

கம்பியைப் பிடுங்கு. ஒரு நாள் கோபப்படுவார். மறுநாள் பழகிவிடும்.

இகுயோ


கோத்தோ
ஜூலை 9

அக்கா,

பிடுங்க மாட்டேன்.

நீங்கள் ஃபுகுவோகாவில் உட்கார்ந்துகொண்டு நோய் என்று பெயர் வைக்கலாம். இந்த வீட்டில் தினமும் மூன்று வேளை அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான். நான் யார், எனக்கு என்ன பெயர் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். ஒசாக்கா வேலை போனால் போகட்டும்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

சயோகோ


ஃபுகுவோகா
ஜூலை 17

சயோகோ,

உறைக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைப் பொருள் இருக்கும். இரைச்சலை வடிகட்டுவது. மாடியில் சுவருக்கும் போனுக்கும் நடுவே செருகிவிடு. அவர் போனை எடுத்தாலும் உன் இணைப்பு அறாது. பிடுங்க வேண்டியதில்லை.

இதை முதலிலேயே அனுப்பியிருக்கலாம். கோபத்தில் தோன்றவில்லை.

இகுயோ


கோத்தோ
ஜூலை 24

இகுயோ அக்கா,

நான் கடைசியாக எழுதியது மரியாதை இல்லாத கடிதம். மன்னியுங்கள். பொருள் வந்து சேர்ந்தது.

மாமா சவரம் செய்துகொள்ளப் போயிருந்த நேரம் பார்த்து மாடிக்குப் போனேன். மேஜையை நகர்த்திக் கம்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது பின்னால் படி முனகியது. சவரக் கடைக்கு அன்றைக்கு விடுமுறையாம். மாமா பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்.

"என்ன பண்றே?" என்றார்.

உள்ளதைச் சொன்னேன். இந்தப் போனை எடுத்தால் என் வேலை நின்றுபோகிறது, இந்தச் சின்னதைச் செருகினால் இரண்டும் நடக்கும் என்றேன். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நான் எடுக்கறது உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"இதை இகுயோவா அனுப்பினா?"

ஆமாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு சொன்னதை எல்லாம் அப்படியே எழுதுகிறேன். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நான் அவன் வருவான்னு காத்துட்டிருக்கேன்னு அவ நினைக்கிறா. ஊர்லயும் அப்படித்தான் பேசிக்கிறாங்க. படகு கவுந்து கிடந்ததைப் பாத்த அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. அந்தத் தண்ணியில யாரும் தாங்க மாட்டாங்க. எனக்கில்லாத கணக்கா அவளுக்கு?"

"அப்ப ஏன் மாமா தினமும் கேக்கறீங்க?"

"அவன் அங்கதானே கிடக்கான். அங்க எப்படி இருக்குன்னு கேக்க வேண்டாமா?"

சடங்கு செய்ய ஏன் மாட்டேன் என்கிறார் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். இப்போது நம் முனையைத் தாண்டும் ஒவ்வொரு படகும் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துப் போகிறதாம். இழுவலைப் படகுக்காரர்கள் வலையைத் தூக்கும்போது ஒருவரை அதற்கென்றே நிற்க வைக்கிறார்களாம். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

"பிக்கு வந்து மந்திரம் சொல்லி முடிச்சுட்டா, சரி, முடிஞ்சதுன்னு எல்லாரும் வேகமாப் போக ஆரம்பிச்சுடுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அதை நானே போய் நிறுத்தச் சொல்லணுமா?"

பிறகு வந்து மேஜையின் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக நகர்த்தினோம். எங்கே செருகுவது என்று கேட்டு அவரே செருகினார்.

இணைப்பு இப்போது அறுவதே இல்லை. மாமா மேலே போவதும் வருவதும் இனி விளக்கில் தெரியாது. சூப்பைக் கொஞ்சம் முன்னாலேயே வைத்துவிட்டு அவர் வரும்வரை காத்திருக்கிறேன். ஆறிப்போகிறது, பரவாயில்லை என்று குடிக்கிறார்.

சயோகோ


ஃபுகுவோகா
ஜூலை 30

சயோகோ,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். இதை அவர் ஜனவரியில் என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவிடவில்லை என்றும் தோன்றுகிறது. நான் கத்தினேன், அவர் வெளியே போ என்றார். எங்கள் வீட்டில் பேச்சு என்றால் எப்போதும் அவ்வளவுதான்.

இந்த ஓபோனுக்குப் படகு வேண்டாம். வரச் சொன்னாலும் வர மாட்டேன். என்னைப் பார்த்தால் அவருக்குக் கஷ்டம். பழம் ஏதாவது வாங்கி அனுப்புகிறேன். நான் அனுப்பியது என்று சொல்லாதே.

உன் மேற்பார்வை அம்மா இப்போது சந்தோஷமாக இருப்பார் என்று நினைக்கிறேன்.

இகுயோ


கோத்தோ
செப்டம்பர் 19

இகுயோ அக்கா,

நீங்கள் கப்பலேறிய பிறகு மாமாவும் நானும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். சடங்குக்கு வந்தவர்கள் விட்டுப்போன குடைகள் வாசலில் அப்படியே கிடக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை.

வலையை இழுத்த அந்தப் படகுக்காரர் மறுபடியும் வந்திருந்தார். தெத்ஸுயாவின் எண்ணெய்த்துணிக் கால்சட்டையும் உள்ளே இருந்ததும் வலையில் வந்த அன்றைக்கு, மீனை எல்லாம் கடலில் கொட்டிவிட்டு நேராகக் கரைக்கு வந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னார். மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாகஸாக்கியிலிருந்து பல்லை வைத்து உறுதி சொன்ன காகிதத்தை எலும்பு வைத்த பெட்டியில் வைக்கவா என்று கேட்டேன். அவனே வந்துவிட்டான், காகிதம் எதற்கு என்றார்.

எனக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நகராட்சியில் கேட்டபோது சொல்லிப் பார்த்தேன். வாயில் புது ஆள் மாதிரி இருந்தது. அழுகை இன்னும் சரியாக வரவில்லை. இத்தனை மாதமாக மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது. நேற்று முள்ளங்கி ஊறுகாய் நறுக்கும்போது கொஞ்சம் வந்தது. வேண்டுமானால் ஊருக்கு, என் அம்மாவிடம் போய் வா என்கிறார் மாமா. இலை உதிர்ந்த பிறகு போகலாம் என்று இருக்கிறேன். திரும்பி வருவேனா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். செய்தி வந்த சாயங்காலம், உங்களுக்கு நான் சொல்லட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். "வேண்டாம், நானே பேசறேன்" என்று மாடிக்குப் போனார். நெடுநேரம் கழித்துத்தான் வந்தார். வந்ததும் சமையலறைக் குழாயில் முகத்தைக் கழுவினார். அக்கா என்ன சொன்னாங்க என்று கேட்டேன். "அவளும் பாவம்" என்று மட்டும் சொன்னார். இங்கே வந்திருந்தபோது உங்களிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

சயோகோ


ஃபுகுவோகா
செப்டம்பர் 25

சயோகோ,

நீ கேட்டதால் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அன்று எனக்கு வார விடுமுறை. கடைக்குப் போகலாம் என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்து வணக்கம் சொன்னேன். எதிர்ப்பக்கம் பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது. எவ்வளவோ வருஷமாகக் காதில் போனை வைத்துக்கொண்டு வாழ்கிறவள் நான். கம்பி இரைச்சல் எது, மனித மூச்சு எது என்று தெரியும். அப்பா என்று தெரிந்துவிட்டது. நான் வைத்துவிடுவேன் என்று அவர் பயந்திருக்க வேண்டும், அவசரமாகச் சொன்னார்.

"இகுயோ, தெத்ஸுயா கிடைச்சுட்டான்."

அவன் செத்துவிட்டான் என்று அந்த வீட்டுக் கூடத்தில் நின்று கத்தியவள் நான். சடங்கு செய் என்றவள் நான். அப்பாவுக்கு நோய் என்று உனக்கு எழுதியவளும் நான்தான். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"எந்த ஆஸ்பத்திரி அப்பா? பேசறானா?" என்று கேட்டேன்.

ஒரு கையால் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த கப்பல் எப்போது, வேலைக்கு யாரிடம் சொல்லிவிட்டுப் போவது, அவன் மெலிந்திருப்பானே, என்ன வாங்கிப் போகலாம் என்றெல்லாம் அதற்குள் யோசித்துவிட்டேன். அப்பா பதிலே சொல்லவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று, "அப்பா, கேக்குதா? பேசறானா?" என்று மறுபடியும் கேட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. நீதானே சொன்னாய் என்றும் கேட்கவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பேசுவாரே, அந்தக் குரலில், மிகவும் மெதுவாக, "இல்லம்மா" என்றார்.

இகுயோ